கேட்கச் சொல்லாத வசனம்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததல்ல. என் மனைவிக்கு நான் எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்ட ஒரு பக்க விளக்கம். வழி தப்பி இங்கே வந்து நிற்கிறது.

சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் நர்ஸ் அக்கா வீட்டில் கூடி வேதம் வாசிக்கிறோம். அக்கா தன் வார்டை எப்படி நடத்துவாரோ அப்படியே இந்தக் கூட்டத்தையும் நடத்துகிறார். அவர் போட்ட சட்டம் இது: ஒரு புத்தகத்தை எடுத்தால் ஒரு வசனம்கூட விடாமல் வரிசையாகப் போக வேண்டும். யார் முறைக்கு எது வருகிறதோ அவர்தான் அதை விளக்க வேண்டும். விளக்கி முடித்ததும் அந்த வசனத்தை வைத்துத் தனக்குத் தெரிந்த யாராவது ஒருவருக்காக, இன்னார் என்று சொல்லி, வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். "எனக்கு வேறு வசனம் கொடுங்கள்" என்ற பேச்சே கிடையாது. மாத்திரையை மாற்றிக் கேட்டால் எந்த நர்ஸ் கொடுப்பார்?

எனக்கு முன்பு ஒரு தடவை வந்தது ஒரு புத்தகத்தின் கடைசி வாழ்த்து வரி. இரண்டு நிமிஷத்தில் விளக்கிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்காக ஜெபித்துவிட்டு, பிஸ்கட் தட்டின் பக்கம் நகர்ந்துவிட்டேன். என் மனைவிக்கு வந்ததோ யோவானின் முதல் கடிதத்தில், கடைசி அதிகாரத்தில், பெரிய பெரிய ஆட்களே தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிற இடம். என் சொற்களில் சொன்னால் இப்படி: தன் சகோதரன் சாவில் முடியாத பாவமொன்றைச் செய்கிறதைப் பார்த்தவன் அவனுக்காகக் கேட்கட்டும், அவனுக்கு உயிர் கொடுக்கப்படும். சாவில் முடிகிற பாவமும் உண்டு. அதற்காகக் கேட்கும்படி நான் சொல்லவில்லை.

"ஏங்க, பக்கம் பக்கமா எழுதுறீங்களே, இதுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. நான் பார்த்துப் படிச்சிடுறேன்" என்றாள்.

"சரி. கடைசியில யாருக்காக ஜெபிக்கப் போறே?"

தையல் மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "அதையும் நீங்களே எழுதிடுங்க" என்றாள்.

2

முதல் தொடக்கம்: பாவங்கள் இரண்டு வகைப்படும். அவையாவன—

[பரீட்சை விடைத்தாள். அடித்தாயிற்று.]

இரண்டாவது தொடக்கம்: மனிதன் என்றைக்கு முதன்முதலாகத் தவறு செய்தானோ அன்றைக்கே, அதை மன்னிக்கலாமா கூடாதா என்ற கேள்வியும் கூடவே, நிழல்போல—

[எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வாசிக்கிறவளுக்கு மூச்சு வாங்கும்.]

மூன்றாவது தொடக்கம்: அவளுக்கு ஒரு தம்பி இருந்தான்.

இதை எழுதியபோது அவள் என் முதுகுக்குப் பின்னால் டம்ளருடன் நின்றிருந்தாள். "இருந்தான் இல்ல. இருக்கான்" என்றாள். டீயை வைத்தாள். இரண்டடி போனவள் திரும்பி வந்து, "அவனை எதுக்கு இதுல இழுக்குறீங்க?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விளக்கம் எழுத உட்கார்ந்தவன் கதைக்குள் காலை விட்டுவிட்டேன். இனி எடுக்க முடியாது.

3

எங்கள் வீட்டு முன்னறைதான் தையல் கடை. என் மனைவியும் அவள் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். வெட்டுவது அவன், தைப்பது அவள். அவன் கை அப்படியொரு கை. சாக்பீஸால் கோடு போட்டான் என்றால் அளவுநாடா வெட்கப்பட வேண்டும். [மிகைதான். என் மைத்துனன், கொஞ்சம் ஏற்றித்தான் சொல்வேன்.]

சட்டைக்கோ கவுனுக்கோ கை வெட்டும்போது துணியை இரண்டாக மடித்து வெட்டுவார்கள். அப்போதுதான் ஒன்று வலது கையாகவும் மற்றது இடது கையாகவும் வரும். அன்றைக்கு வந்திருந்தது ஒரு கல்யாண கவுன். ஒரு பக்கம் மட்டும் பளபளக்கிற துணி, அளவெடுத்தாற்போல, மீதி இல்லாமல் வாங்கி வந்திருந்தார்கள். அவன் மடிக்காமல், ஒற்றையாக விரித்து, ஒரே அளவு அட்டையை ஒரே பக்கமாக இரண்டு தடவை வைத்து வெட்டிவிட்டான். இரண்டும் இடது கை. ஒன்றைத் திருப்பிப் போட்டால் மங்கல் பக்கம் வெளியே தெரியும். எந்த மணப்பெண் ஒரு கை மின்ன, ஒரு கை மங்கிப்போய் நடந்து வருவாள்?

வெட்டிய துணியை அவள் மேஜையில் வைத்துவிட்டு அவன் வெளியே போய்விட்டான். அவள் பிரித்துப் பார்த்தாள். தெரிந்துகொண்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பிள்ளை கூனிக் குறுகிப் போவான் என்று நினைத்தாளாம். பாவாடையின் அகலத்தில் கொஞ்சம் எடுத்து, ஒட்டுப் போட்டு, ஒரு வலது கையை உண்டாக்கித் தைத்து முடித்தாள். ஒட்டுப் போட்டது வெளியே தெரியவே இல்லை. அகலம் குறைந்தது தெரிந்துவிட்டது.

கல்யாணப் பெண்ணின் அம்மா கடை வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "துணியைச் சுருட்டிட்டியேம்மா! நல்லா இருப்பியா நீ?" தையல்காரியிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் வெட்டுகிற மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு சாக்பீஸைச் சீவிக்கொண்டிருந்தான். நான் வேலையிலிருந்து வந்தபோது அவள் சொன்னது ஒரே வரிதான்: "அவன் சொல்லுவான்னு நின்னேங்க."

அவன் சொல்லவில்லை. அந்த வாரமே ஒரு பெரிய ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டான். நாலைந்து வருஷம் ஆகிறது.

4

காலையில் டீ கொதிக்கிற நேரத்தில் அவள் அடுப்பருகே நின்று முணுமுணுவென்று ஜெபிப்பாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.* அந்த ஜெபத்தில் என் அம்மா வருவார். என் முழங்கால் வரும். கடன் சொல்லிவிட்டுப் போகிற வாடிக்கைக்காரிகள் வருவார்கள். தம்பி பெண்டாட்டி வருவாள், தம்பி மகள் வருவாள், அவள் பரீட்சைகூட வரும். நடுவில் ஓர் ஆள் மட்டும் வரமாட்டான். குடும்பப் படத்தில் ஒரு தலையை மட்டும் கத்தரித்து எடுத்த மாதிரி இருக்கும்.

ஒரு தடவை கேட்டேவிட்டேன். அவள் கோபப்படவில்லை. வேதத்தை எடுத்து வந்து, பென்சிலால் கோடு போட்டிருந்த இடத்தைக் காட்டினாள். இதே வசனம்தான். "பாருங்க, சாவில முடியற பாவத்துக்குக் கேக்கச் சொல்லலன்னு போட்டிருக்கு."

"ரெண்டு கை மாத்தி வெட்டினது சாவில முடியற பாவமா?"

"வெட்டினது இல்ல. பேசாம நின்னது. எங்களுக்குள்ள இருந்தது அன்னைக்கே செத்துப் போச்சு" என்றாள்.

ஊரில் எல்லோருக்கும் இந்த வசனம் கடினமாக இருக்கிறது. என் மனைவிக்கு மட்டும் அது மெத்தையாக இருந்தது. அவள் அதில் நிம்மதியாகப் படுத்திருந்தாள். இப்போது நர்ஸ் அக்காவின் வரிசை வந்து எழுப்புகிறது.

(* ஒட்டுக்கேட்பது பாவமா என்று கேட்காதீர்கள். எழுதுகிறவனுக்கு அது தொழில். சாவில் முடிகிறதல்ல என்றுதான் நம்புகிறேன்.)

5

கடமைக்காக விளக்கத்தையும் எழுதினேன். சாவில் முடிகிற பாவம் எது? சிலர் சொல்கிறார்கள், உடம்பையே கொல்கிற பாவம். சிலர் சொல்கிறார்கள், தெரிந்தே கடவுளுக்கு முதுகைக் காட்டிவிட்டுப் போவது. இன்னும் சிலர், அது அந்தக் காலத்துச் சபைக்குள் நடந்த ஏதோ விவகாரம் என்கிறார்கள். கடிதம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது, வாங்கியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. நடுவில் வந்து படிக்கிற நமக்குத்தான் விளக்கம் வைக்காமல் போய்விட்டார். இந்த மாதிரி முடிச்சுப் போட்டுவிட்டு நான் ஒரு கதை எழுதினால், பத்திரிகையிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"'கேக்கச் சொல்லல'ன்னுதானே இருக்கு? 'கேக்காதே'ன்னு இல்லையே" என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன்.

"வக்கீல் மாதிரி பேசாதீங்க" என்றாள். சரிதான், அந்தச் சாமர்த்தியத்தால் யாருக்கும் யார் மேலும் பாசம் வரப்போவதில்லை. அதையும் அடித்துவிட்டேன்.

6

இங்கே என் கதையில் ஒரு கோளாறு இருக்கிறது, நீங்களும் கவனித்திருப்பீர்கள். தம்பி வாயே திறக்கவில்லை. அவனுக்கும் ஒரு பத்தி கொடுக்கலாம் என்று இப்படி ஆரம்பித்தேன்:

தொழிற்சாலையில் மிஷின் ஒரே நேரத்தில் நூறு கைகளை வெட்டித் தள்ளியது. ஒவ்வொரு கையிலும் அவன் தன் அக்காளின் கண்களைக்—

"அவன் மனசுக்குள்ள நீங்க எப்படிப் போனீங்க? அவனைப் பத்து வயசிலேர்ந்து வளர்த்தவ, எனக்கே வழி தெரியலயே" என்றாள் அவள். நான் பேனாவை மூடி வைத்தேன். அவன் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கலாம். அக்காள் சமாளித்துக்கொள்வாள் என்ற பழக்கமாக இருக்கலாம். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதமாட்டேன். ஆகவே அவன் இந்தக் கதையில் சாக்பீஸும் கையுமாகவே நிற்கட்டும்.

7

சனிக்கிழமைக்கு முன்பே எழுதி வைத்த முடிவுகள்:

அ) அவள் தம்பிக்காக ஜெபிக்கிறாள். கண்ணைத் திறந்தால் தம்பி வாசலில் நிற்கிறான். அவள் தீர்ப்பு: "மழையும் பெய்யுமா?"

ஆ) அவள் வேறு யாருக்காகவோ ஜெபித்துவிட்டு வருகிறாள். வாழ்க்கை அதுபாட்டுக்குப் போகிறது. தீர்ப்புக்குப் பதிலாக அவள் தாளைக் கையில் எடுத்து, "இப்படித்தான் முடியும்னு நினைக்கிறீங்களா?" என்றாள்.

இ) கூட்டமே நடக்கவில்லை, நர்ஸ் அக்காவுக்குக் காய்ச்சல்—

[வெட்கக்கேடு. எழுதிய எனக்கே கூசியது.]

8

நடந்தது இது.

நாற்காலிகள் வட்டமாக இருந்தன. அவள் என் தாளை மடியில் விரித்து முதல் இரண்டு வரி படித்தாள். நிறுத்தினாள். தாளை மடித்து என்னிடமே கொடுத்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்காரு. ஆனா எனக்குப் புரிஞ்சது இது இல்ல" என்றாள். "சாவில முடியற பாவம் எதுன்னு இதுல போடல. நான்தான் போட்டுக்கிட்டேன். என் தம்பி செஞ்சதை அந்த இடத்துல வெச்சுக்கிட்டேன். வசதியா இருந்துச்சு. இதுக்கு முந்தின வரியில, கேட்டா உயிர் குடுப்பாருன்னு இருக்கு. இத்தனை வருஷம் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கேன். அவன் பேசாம நின்னப்போ அது சாகலைங்க. அடிபட்டுக் கெடந்துச்சு, அவ்வளவுதான். நான் கேக்கறதை நிறுத்தினேன் பாருங்க, அதுலதான் சாகுது."

நெஞ்சு நிறையப் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன். என் ஒரு பக்க விளக்கத்தில் இதில் பாதிகூட இல்லை.

"யாருக்காக ஜெபிக்கிறே?" என்றார் நர்ஸ் அக்கா, சட்டப்படி.

"என் தம்பிக்காக." கைக்குட்டையை விரலில் சுற்றினாள். "ஆனா எனக்கு வாய் வரலக்கா. இன்னும் வலிக்குது. பொய்யா ஜெபிக்க மாட்டேன். வேற யாராவது ஜெபிங்க. முடிவுல ஆமென் நான் சொல்றேன். நான் சொல்ற வரைக்கும் யாரும் சொல்லாதீங்க."

அக்காவின் சட்டத்தில் இதற்கு இடமில்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் மறுத்திருப்பார். கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க பண்ணுங்க. நீங்கதானே எழுத்தாளர்" என்றார்.

ஐயோ, என் நிலைமையை என்னவென்று சொல்ல! எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நானும் மூடிக்கொண்டேன். அடித்துத் திருத்த அங்கே பேனாவும் இல்லை, தாளும் இல்லை.

"ஆண்டவரே, என் மச்சினன்... அவன் தப்பு செஞ்சான். அதாவது, கை மாத்தி வெட்டினது இல்ல, அது யாருக்கும் வரும்... அவன் சொல்லியிருக்கணும். இவளும் கேட்டிருக்கலாம். இல்ல, அதை விடுங்க. இவளுக்கு அவனைப் பார்க்கணும்போல இருக்கு. எனக்கும்தான், ஆண்டவரே. அவனுக்கு உயிர்... அவங்க ரெண்டு பேருக்கும் நடுவில கெடக்குறதுக்கு உயிர் குடுங்க. அவ்வளவுதான். எனக்கு வேற ஒண்ணும்..."

என் எழுத்து வாழ்க்கையிலேயே மோசமான பத்தி அதுதான். ஒரு வாக்கியம்கூட ஒழுங்காக முடியவில்லை. முடித்தபோது என் கன்னம் நனைந்திருந்தது. மனசோ வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

அறை காத்திருந்தது.

9

இதுவரைக்கும் படித்தவள், "இங்கயே நிறுத்துங்க" என்றாள்.

"அடுத்து நடந்ததை எழுத வேண்டாமா? நீ சொன்னியா இல்லையான்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும். அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. அவங்கவங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தன் இருப்பான்ல? அங்க என்ன சொல்லணுமோ அதை இங்க சொல்லிக்கட்டும்."

முன்னறைக்குப் போய்விட்டாள். மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. கூடவே ஏதோ ஒரு மெட்டை வாய்க்குள்ளேயே இழுத்துக்கொண்டிருக்கிறாள். இதை வைத்து நீங்கள் எந்த முடிவுக்கும் வரக்கூடாது, கோபத்திலும் அவள் பாடுவாள்.

ஆகவே அறையை இருக்கிற மாதிரியே விட்டுவிட்டுப் போகிறேன். எல்லோருடைய கண்களும் மூடியிருக்கின்றன. நான் என் பங்கை அரைகுறையாக முடித்துவிட்டேன். நான் எழுந்துவிட்டதால் என் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, அவளுக்குப் பக்கத்தில் நீங்கள் உட்காரலாம். ஆமென் இன்னும் யாரும் சொல்லவில்லை.