கண்ணீரில் ஒரு பங்கு

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆண்கள் வேறு உயிராகிவிடுவது அந்தத் தெருவில் வழக்கம். தெய்வக்கனியின் கணவர் பொன்னையா முதலையானார். பக்கத்து வீட்டுச் சண்முகவடிவின் கணவர், கறிவேப்பிலைச் செடியைச் சுற்றிச் சுற்றி வருமே, அந்த எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி ஆனார்.

தெய்வக்கனிக்கு வயிறு எரிந்தது. இவருக்குத் தினமும் ஒரு கோழி. அவருக்கு மூடியில் கொஞ்சம் சீனித்தண்ணீர். கல்யாண வீட்டுக்குப் போவதென்றால் இவருக்கு லோடு ஆட்டோ பிடிக்க வேண்டும். சண்முகவடிவோ வீட்டுக்காரரைக் கொண்டையில் உட்காரவைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய்விடுவாள். தனியாகப் பூவும் வாங்க வேண்டாம்.

அதையும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஒரு மத்தியானம் அந்த மனுஷன் சுவர் தாண்டி வந்து, பொன்னையாவின் கண்ணோரம் உட்கார்ந்து கண்ணீர் குடிப்பதைப் பார்த்த பிறகு அவளால் முடியவில்லை. கட்டிய நாள் முதல் பொன்னையா அழுது அவள் கண்டதில்லை. அவள் அம்மா செத்த அன்றுகூடப் பந்தல்காரரோடு பேசிக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒரு சொட்டு விட்டதுண்டா? அவருக்கு மட்டும் எங்கயிருந்து வருது?"

"அவரு கேக்காரு. நீ கேட்டதில்லையே" என்றார் பொன்னையா.

அம்மாவுக்கு அழாமல் வைத்திருந்த கண்ணீரையாவது தாருங்கள் என்று டம்ளரை நீட்டினாள். அது போன வாரமே தீர்ந்துவிட்டதாம். பக்கத்து வீட்டுக்காரர் குடித்துவிட்டாராம். மிச்சம் ஒரே பங்குதானாம்.

"அது உனக்கு உள்ளது. நீ போன பிறகு அழணும்னு வச்சிருக்கேன்."

அதுவரை அந்த மனுஷன் விட்டுவைப்பாரா? கறிவேப்பிலைச் செடியில் சிறகை மூடித் திறந்தபடி அவர் காத்திருந்தார். தெய்வக்கனி நடுவீட்டில் பாய் விரித்து, தெற்கே தலைவைத்து, நெற்றியில் காசை ஒட்டிக்கொண்டு படுத்தாள். சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடும்படி சண்முகவடிவிடம் கேட்டுக்கொண்டாள்.

பொன்னையா ஊர்ந்து வந்து தலைமாட்டில் கிடந்து வாய்விட்டு அழுதார். டம்ளர் நிறைந்ததும் அவள் எழுந்து ஒரே மூச்சில் குடித்தாள். உப்பு சரியாக இருந்தது.

மாலையோடு வந்தவர்களுக்கு அவளே காப்பி போட்டாள். அண்ணன் பிறந்த வீட்டுக் கோடியாகச் சேலை கொண்டுவந்திருந்தார். பிரித்துப் பார்த்தாள். சண்முகவடிவின் நாத்தனார் செத்தபோது வந்தது பட்டு. இது வெறும் நூல்சேலை. மாற்றிக்கொண்டு வரும்படி அண்ணனைக் கடைக்கு அனுப்பினாள். அவர் திரும்பும்வரை யாரும் தூக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் படுத்துக்கொண்டாள்.