கழுத்தறுந்த விலாங்கு

அத்தாஉல்லா படகின் எண்ணெய்த் தாங்கிக்கும் பூட்டுப் போட்டு வைத்திருப்பவர். மருமகன் றிஸ்கானிடம்கூடச் சாவியைக் கொடுத்ததில்லை.

பள்ளிவாசல்துறையிலிருந்து போய் அன்றைக்குத்தான் முதன்முதல் அவ்வளவு ஆழத்தில் தூண்டில் விட்டார்கள். திரும்பும் வழியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. வேறொரு படகு கட்டியிழுத்துத்தான் கரை சேர்ந்தார்கள். அந்த எரிச்சலோடு மீன்கூடையைக் கவிழ்த்தவர் அப்படியே நின்றார்.

அடியில் ஒரு விலாங்கு செத்துக் கிடந்தது. கரிச்சட்டி நிறம். பெருத்த கண். வாய் கண்ணையும் தாண்டிப் பின்னுக்குக் கிழிந்திருந்தது. முதுகுச் செட்டை வாலைச் சுற்றி வயிறு வரைக்கும் ஒரே கரையாக ஓடியது. தொண்டைக்குக் கீழே, கத்தி வைத்தது போல ஒரு வெட்டு.

"இத ஆரு அறுத்த?"

இரைமீன் வெட்டும் கத்தி, படகில் கூலிக்கு வரும் தவச்செல்வனின் இடுப்பில்தான் இருக்கும். சண்டைக்காலத்தில் முல்லைத்தீவிலிருந்து வந்த குடும்பம். அத்தாஉல்லாவின் காணியில் குடிசை போட்டிருந்தான்; அதன் வாசலில் ஓர் எலுமிச்சங்காய் தொங்கியது.

"ஒருத்தரும் அறுக்கேல்லை முதலாளி. வரேக்கையே இப்பிடித்தான்."

"கடலுக்கடியில போய் மீனுக்குக் கழுத்தறுக்கிறது உன்ட அப்பனா? வாசல்ல தேசிக்காய் கட்டினதும் தெரியும். என்ட படகுக்குச் சூனியம் வெக்கிறாய். எஞ்சின் சும்மாவா நிண்டிச்சு?"

"அது பிள்ளைக்குக் கண்ணூறு படாமல் கட்டினது. சுஜி பெத்து ஒரு மாசமும் ஆகேல்லை."

"பிள்ளையையும் தூக்கிட்டுப் போ."

தவச்செல்வன் மணலில் முழந்தாளிட்டான். "அதே இடத்தில இன்னொருக்கா விட்டுப் பாருங்கோ முதலாளி. இன்னொண்டு வந்தால் அதுக்கும் இப்பிடித்தான் இருக்கும்."

அத்தாஉல்லா செத்த விலாங்கைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தார். "வராட்டி குடிசைய நானே பிரிப்பன்."

எஞ்சின் திருத்தியதும் றிஸ்கானை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். அதே ஆழம். கடைசித் தூண்டிலில் விலாங்கு வந்தது, உயிரோடு. தொண்டை வெட்டு திறந்தது, மூடியது, திறந்தது.

"மாமா, வெட்டில்ல இது. செவுள். மூச்சு விடுகுது பாருங்க." றிஸ்கானின் குரல் இறங்கியது. "பாவம் அந்த மனிசன்."

அத்தாஉல்லாவுக்கும் விளங்கியது. விளங்கியதுதான் பொறுக்கவில்லை. இன்றைக்குத் தவச்செல்வனிடம் தன் பிழை என்று சொன்னால், நாளைக்கு ஊரே வாசலில் வந்து நின்று கதைக்கும். கத்தியை எடுத்து அந்தத் தலையை முழுதாக அறுத்துக் கடலில் வீசினார்.

"நீ ஒண்டும் காணல்ல. கண்டதெண்டா உனக்கும் என்ட ஊட்டுல இடமில்ல."

கரையில் தவச்செல்வன் காத்திருந்தான். பின்னால் பிள்ளையோடு சுஜி.

"வந்ததா முதலாளி?"

"ஒண்டும் வரல்ல."

றிஸ்கான் குனிந்து படகுத் தண்ணீரை இறைத்தான். நிமிரவேயில்லை.

குடிசைக் கூரையின் முதல் கிடுகை அத்தாஉல்லாவே இழுத்தார். வாசல் தேசிக்காய் அறுந்து மணலில் உருண்டது. அதை மட்டும் மிதிக்காமல் தாண்டினார்.