கரை யாருடைய சொத்து

காட்டு எல்லையில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. நான் நில அளவையர். கொஞ்சம் திமிர் பிடித்தவள் என்றும் அக்கா சொல்லுவாள்.

அன்று அளக்க வேண்டியிருந்தது அக்கா புருஷனின் காட்டை. மாமாவுக்கு மர அறுவை மில். அவர் காட்டுக்கும் பக்கத்துத் தையல்காரம்மாவின் காட்டுக்கும் நடுவே, எந்தக் காலத்திலோ யாரோ எழுப்பிய மண்கரை ஒன்று ஓடுகிறது, ஒரு பக்கம் பள்ளத்தோடு. கரைமேல் வரிசையாகப் பெரிய மரங்கள். அவற்றை மறுநாளே வெட்ட மாமா ஆள் சொல்லிவிட்டார். தையல்காரம்மா இஞ்சு டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூட மறந்து ஓடி வந்திருந்தார். அந்த மரங்கள் அவருடைய அப்பா விட்டுப்போனவை. நான் மாமாவுக்கு உறவு என்று தெரிந்தும், என் சொல்லே போதும் என்றார். வரைபடம் உதவாது; அதில் எல்லைக்கோடு கரையைவிடத் தடிமன்.

ஆனால் வழக்கம் எளிது. எல்லையில் பள்ளம் வெட்டுகிறவர் மண்ணைத் தன் பக்கம்தான் கொட்டுவார். ஆக, கரைக்கு எந்தப் பக்கம் பள்ளம் இருக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்தாருக்குத்தான் கரை சொந்தம்.

"நல்லா பார்த்துக்கோம்மா. பள்ளம் அந்தம்மா பக்கம். அப்போ கரை என்னுது," என்றார் மாமா.

பள்ளத்தில் இறங்கினேன். அறுபட்ட வேர்கள் சுவரெங்கும் வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருந்தன. பழைய பள்ளத்துக்கு ஏது புது வெட்டு? கரையேறி மாமாவின் பக்கம் போனேன். சமதரையில் சருகு கனமாகப் பரப்பியிருந்தது. அங்கே நின்ற மரம் நட்டுவைத்த கம்பம்போல நேராக மண்ணுக்குள் போனது. எந்த மரமும் அடியில் அகன்று, வேர்க்கால் பரப்பித்தான் நிற்கும். மண்ணைக் கையால் பறித்தேன். முழங்கை வரை பொலபொலவென்று வந்தது.

"பழைய பள்ளத்தை மூடிட்டு, அந்தப் பக்கம் புதுசா வெட்டியிருக்கீங்க, மாமா."

எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர் அவர்.

"கரை அவங்களுதுன்னு எழுதினா, இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே," என்றார்.

எழுதினேன். ஒரு எழுத்துக்கூடக் கோணவில்லை. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால், மாமாவுக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு வந்த அக்கா பின்னால் நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். இன்றோடு பிறந்த வீட்டு உறவும் போயிற்று என்றே நினைத்தேன்.

அக்கா மாமாவிடம் போனாள்.

"ஒரு பூச்செடிக்குக் குழி தோண்டச் சொன்னா இடுப்பு வலின்னு படுத்துக்குவீங்க. இதை யாரு வெட்டினா?"

"மெஷின்தான்..."

"மூடினதைத் தோண்டுங்க, தோண்டினதை மூடுங்க. மெஷின் வேணாம், மிச்ச வேரும் போயிடும். மண்வெட்டி போதும். அது முடியிற வரைக்கும் நீங்க வாசப்படி மிதிக்க வேணாம்."

தையல்காரம்மா மண்வெட்டி எடுத்துவரப் போனார். அக்கா கேரியரை என் கையில் திணித்தாள்.

"வாடி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்."