பைகளுக்குக் காவல்

விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை காலையில் தராகே மலையடிவாரத்தில் இஞ்சினியர் ஹூஷாங் ஊதும் விசிலுக்குக் கழுதைகள்கூட ஒதுங்கி வழிவிடும். இரண்டு கையிலும் மலையேற்ற ஊன்றுகோல், தலையில் ஜெர்மன் தொப்பி, கழுத்தில் விசில். பின்னால் அவருடைய படை: மனைவி மனிஜே, நண்பர் டாக்டர் கியூமர்ஸ், மனைவியின் தங்கை பரீவஷ். டாக்டர் என்றால் பல் டாக்டர். ஆனால் பல்லைத் தவிர உடம்பிலுள்ள மற்ற எல்லா உறுப்புகளைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் உண்டு.

பரீவஷுக்கு நரம்பில் நோய். இடது கால் சில நேரம் சொன்ன பேச்சைக் கேட்கும், சில நேரம் கேட்காது. மலைப்பாதை தொடங்கும் இடத்தில் அவளைக் கைத்தடியோடு நிறுத்தி ஹூஷாங் ஒரு படம் எடுப்பார். 'நோயை வென்ற எங்கள் வீராங்கனை, இன்றும் மலையில்!' என்று அது குடும்பக் குழுவுக்குப் போகும். ஷிராஸிலிருந்தும் ஹாம்பர்கிலிருந்தும் கைதட்டல்கள் வந்து விழும். அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் வீராங்கனையை முதல் தேநீர்க்கடையின் கம்பளக் கட்டிலில் உட்காரவைத்து, கால்களைப் போர்வையால் சுற்றி, சுற்றிலும் பைகளை அடுக்கிவிட்டு மற்ற மூவரும் புறப்பட்டுவிடுவார்கள். மலையேறுபவர்கள் தங்கும் பலங்சால் குடில் வரைக்கும். அது மேகத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

தொடக்கம் என்னவோ அவள் வாயிலிருந்துதான் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், கால் முதன்முதலில் இழுத்துக்கொண்ட அந்த வசந்தத்தில், "என்னால உங்களுக்கெல்லாம் தாமதம். நீங்க போங்க, நான் பைங்களப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றாள். ஒப்புக்குச் சொன்னது. முறை தெரிந்த யாரும் "சேச்சே, நீ இல்லாம எங்களுக்கு மலை எதுக்கு?" என்று மூன்று தடவை வற்புறுத்துவார்கள். மூன்றாவது தடவை அவள் எழுந்துவிடுவாள். ஆனால் ஹூஷாங் அப்போதுதான் ஹாம்பர்கில் மகன் வீட்டில் தங்கிவிட்டு, இந்த நாட்டைக் கெடுத்ததே உபசாரப் பேச்சுதான் என்ற ஞானத்தோடு திரும்பியிருந்தார்.

"நல்ல முடிவு!" என்றார், அவள் வாயை மூடுவதற்குள். விசில் ஊதிவிட்டது.

அதே ஞானி விருந்துக்குப் போகும் வீட்டு வாசலில் "நீங்க முதல்ல", "ஐயோ நீங்க முதல்ல" என்று உள்ளே சோறு ஆறும்வரை நிற்பார். அது வேறு விஷயம்.

சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது? வாங்கினால், அத்தானுக்கு முறை தெரியாது என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். வாரத்துக்கு வாரம் அந்தச் சொல் இறுகிக்கொண்டே வந்தது. கால் தளர்ந்துகொண்டே வந்தது.

கட்டிலிலிருந்து ஓடையின் சத்தம் கேட்கும். இரண்டு வளைவு தாண்டினால் மரப்பாலம், அதன் கீழே பனி உருகி வந்த தண்ணீர் தேங்கும் சின்ன மடு. தன் காலால் நடந்துபோய் அந்தத் தண்ணீரில் அந்தக் காலை வைக்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். "களைக்கறதுக்கு முன்னாடியே உக்காருங்க, ஆனா நடங்க. இந்த வருஷம் நடக்காத தூரத்தைக் கால் அடுத்த வருஷம் மறந்துடும்" என்று நரம்பு டாக்டர் சொல்லியிருந்தார். அவர் நிஜ டாக்டர்.

அன்று படம் எடுத்து முடித்ததும் பரீவஷ் சொல்லிவிட்டாள்: "இன்னைக்கு நானும் வர்றேன். பாலம் வரைக்கும்."

அன்பு நிலச்சரிவு போல வந்து இறங்கியது.

"உன் உயிருக்குப் பதிலா என் உயிர் போகட்டும்!" என்று அக்கா அழத் தொடங்கினாள். "வழுக்கி விழுந்தா அம்மாவோட சமாதிக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?"

"வெயில் ஏறினா நரம்பு வீங்கும்" என்றார் பல் டாக்டர்.

"பரீவஷ்," என்றார் ஹூஷாங், நெஞ்சில் கைவைத்து, "நீ இங்க இருக்கேங்கற தைரியத்துலதாம்மா நாங்க அவ்வளவு உயரம் போறோம். நீதான் எங்க அஸ்திவாரம்."

அஸ்திவாரத்தைப் போர்வையால் சுற்றிவிட்டு மூவரும் வளைவில் மறைந்தார்கள்.

அவள் போர்வையைப் பிரித்தாள். இனி பைகள்தான் தடை. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரிய குடும்பம் ஆஷ் கஞ்சிக்குக் காத்திருந்தது.

"இந்தப் பைங்களக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

"என் கண்ணுல வச்சுப் பாத்துக்கறேன்" என்றாள் அந்த வீட்டு அம்மாள்.

"ஒப்புக்குச் சொல்றீங்களா, நெஜமாவா?"

அம்மாள் குலுங்கிச் சிரித்தாள். "எங்க கஞ்சியே இன்னும் வரல. சாயங்காலம் வரைக்கும் இங்கதான் கெடப்போம். நீங்க போங்க!"

பரீவஷ் நடந்தாள். பாறை கண்ட இடத்திலெல்லாம், களைப்பு வருவதற்கு முன்பே உட்கார்ந்தாள். கறுத்து விழுந்த மல்பெரிப் பழங்களில் தடி வழுக்கியது. முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவில் ஓடைச் சத்தத்தை மீறி வேறொரு சத்தம் கேட்டது. பலகையில் பகடை உருளும் சத்தம்.

அடுத்த தேநீர்க்கடைதான். ஈரல் கபாப் புகைந்துகொண்டிருந்தது. பல் டாக்டர் ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்தார். அக்கா தலையணையில் சாய்ந்து குறட்டை விட்டாள். படைத்தலைவர் காலணியைக் கழற்றி, ஊன்றுகோல்களைத் தொப்பிக்குத் தாங்கலாக நட்டுவைத்து, ஹூக்காக் குழாயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு மொட்டைப் பாறை. வாராவாரம் பலங்சாலில் எடுத்தது என்று குழுவுக்கு வரும் படங்களில் இருக்கும் அதே பாறை.

"பரீவஷ்!" குழாய் கைநழுவியது. "உனக்காகத்தாம்மா காத்துக்கிட்டிருக்கோம்!"

"ரெண்டு வருஷமாவா, அத்தான்?"

அக்கா விழித்தாள், பார்த்தாள், உடனே உண்மையைக் கொட்டினாள். "அவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்குடி. ஏறினா மூச்சு முட்டுது. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

ஹூஷாங்கின் முகம் சின்னதாகிவிட்டது. பரீவஷுக்குக் கோபம் வந்தது, பின்னாலேயே பாவமாகவும் இருந்தது. அதற்குள் ஒரு தலையணை வந்தது. "உக்காரு, உக்காரு, கபாப் சாப்பிடு" என்றார்கள். எங்கிருந்தோ ஒரு போர்வைகூட வந்துவிட்டது.

"பாலம் இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்றாள் அவள், நின்றபடியே.

"அதுக்கென்ன!" என்று ஹூஷாங் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். "நீ சொன்னா நானே கூட்டிட்டுப் போறேன்."

ஒப்புக்குத்தான் சொன்னார். எல்லோருக்கும் தெரியும்.

"நல்ல முடிவு!" என்றாள் பரீவஷ்.

காலணி மாட்ட அவருக்கு நெடுநேரம் ஆயிற்று. அவள் உட்கார்ந்த பாறைகளில் எல்லாம் அவரும் உட்கார்ந்தார், அவளைவிட அவசரமாக. பாலத்தடியில் அவள் காலணியை அவிழ்த்து இடது காலைத் தண்ணீரில் இறக்கினாள். குளிர் எலும்புவரை ஏறியது. ரொம்ப நாளாக மரத்துக்கிடந்த பாதத்தில் ஏதோ சுரீரென்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்படியே இரு!" என்றார் ஹூஷாங், மூச்சிரைக்கப் படம் எடுத்தபடி. குழுவுக்கு அனுப்பினார்: 'வீராங்கனையை இன்று பாலம்வரை நானே நடத்திச் சென்றேன்.'

கைதட்டல்கள் விழ விழ அவருடைய முகம் பழைய அளவுக்கு வந்தது. "பரீவஷ், இனிமே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உன்கூட நான்தான் வருவேன். ஒரு அடிகூட உன்னைத் தனியா விடமாட்டேன்."

"ஐயோ, உங்களுக்கு எதுக்கு அத்தான் சிரமம்? நான் மெதுவா வந்துக்கறேன்." வாழ்க்கையில் இதைவிட நிஜமாக அவள் எதையும் சொன்னதில்லை. 'நல்ல முடிவு' என்று சொல்லிவிட மாட்டாரா என்று அவர் வாயையே பார்த்தாள்.

"சேச்சே! நீ இல்லாம எனக்கு மலை எதுக்கு?"

"வேண்டாம் அத்தான். நெஜமாத்தான் சொல்றேன்."

"என் தலைமேல ஆணை!"

"அத்தான்..."

அவர் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். அது மூன்றாவது வற்புறுத்தல். அதற்குமேல் மறுப்பது முறையில்லை.

"உங்க பெரிய மனசு" என்றாள்.

இறங்கத் தொடங்கியதுமே பின்னாலிருந்து விசில் ஊதியது. "களைக்கறதுக்கு முன்னாடி உக்காரணும்! உக்காரு, உக்காரு!"

அவளுக்குக் களைப்பில்லை. திரும்பிப் பார்த்தாள். அவர் ஊன்றுகோலில் தொங்கியபடி காற்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்தாள்.