பஷீரின் சுண்டுவிரல்

"அவங்க எடது கை சுண்டுவிரல்ல மேல் கணு கெடையாது. காதுக்குக் கீழ மச்சம். பினாங்குல மளிகைக் கடை." மைமூன் ஒப்பித்தாள்.

"கடையப் பத்திக் கேட்டா மட்டும் சொல்லு," என்றேன்.

கூனிமேட்டில் பினாங்குக் காகிதங்களோடு என்னிடம் வராத வீடு குறைவு. யுத்தத்துக்கு முன் அங்கே கணக்கப்பிள்ளையாக இருந்தவன் நான். சிவப்பு அட்டை வைத்திருப்பவன் அங்கே நிரந்தரமாகத் தங்கலாம். மனைவியை வரவழைத்து அவளுக்கும் அந்த உரிமையை வாங்கலாம். மனு திரும்பி வந்தால் அழுதுகொண்டு வருவார்கள். மறுபடி போடுவோம் என்பேன். அதற்காக யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை.

மைமூன் விஷயம் வேறு. அவள் என் அண்ணன் மகன் பஷீர் அஹமதின் மனைவி. சிறுவனாகக் கப்பலேறிய பஷீர், பெற்றவர்கள் மவுத்தானபோதும் ஊருக்கு வரவில்லை. போன வருஷம் பெண் பார்க்கச் சொல்லி எழுதினான். கடையை விட்டு வர முடியாது என்றதால், எங்கள் வழக்கப்படி நானே நிக்காஹில் அவன் சார்பில் வக்கீலாக உட்கார்ந்தேன். ஜமாத்துக்கு முன்னால் அவனுக்காக, ஏற்றுக்கொண்டேன் என்று கபூல் சொன்னது என் வாய். மாப்பிள்ளையின் போட்டோவைப் பெண்ணிடம் காட்டுவது எங்கள் வீட்டில் இல்லை. நானும் கேட்டு எழுதவில்லை. அவளைப் பினாங்குக்கு அனுப்ப மனு போட்டேன். மெட்ராஸ் விசா ஆபீசில் கணவனின் அடையாளம் கேட்டபோது மைமூன் தலைகுனிந்து நின்றாள். மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

"பொண்ணே மூஞ்சியப் பாக்கல. ஆபீசருக்கு மச்சம் வேணுமாம்," என்று அவள் தாய் சர்புன்னிசா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எங்கள் மருமகளை ஒரு அந்நியன் சந்தேகிப்பதா? மேல்மனு போட்டேன். அடையாளங்களை நானே சொல்லிக்கொடுத்தேன். மரக்காணத்து உப்பளத்தில் வண்டிச் சக்கரம் சிறுவன் பஷீரின் அந்த விரலைக் கடித்தபோது, வேட்டியைக் கிழித்துக் கட்டியவன் நான்.

விசாரணைக்குக் கணவனின் புதுப் படம் வேண்டும் என்றார்கள். மெட்ராஸுக்குக் கிளம்பும் அன்றுதான் அது தபாலில் வந்தது.

ஸ்டுடியோ நாற்காலியில் தாடி வைத்த ஒரு ஆள். அந்தத் தாடிக்குள் அண்ணன் பிள்ளையின் முகத்தைத் தேடினேன். பிறகு கைகளைப் பார்த்தேன். இரண்டும் முழங்கால்மேல் விரிந்திருந்தன. எல்லா விரல்களும் முழுசாக இருந்தன.

"மாப்பிள்ளை களையாத்தான் இருக்காரு," என்றாள் சர்புன்னிசா, பையைக் கட்டியபடி.

மைமூன் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் அம்மா உள்ளே போகும்வரை காத்திருந்தாள்.

"மாமா, நான் என்ன சொல்லணும்?"

கபூல் சொன்ன வாய் இதுதான். அட்டை பஷீருடையது. பெயர் பஷீருடையது. நான் சொல்லித்தான் இவள் அந்தப் பெயருக்கு மனைவி. உண்மையைச் சொன்னால் இவள் யார் என்று ஜமாத் கேட்கும், என்னிடம்தான் கேட்கும்.

"மச்சம் மட்டும் சொல்லு. அது தாடிக்குள்ள இருக்கும்."

"விரலு?"

"விரலப் பத்திப் பேசாத."

"அப்ப அவங்க எங்க, மாமா?"

"பஸ் வந்துடும். கெளம்பு."

மரக்காணம் தாண்டும்போது வானம் இருண்டிருந்தது. உப்பளங்களில் ஆட்கள் ஓடி ஓடி, மழைக்கு முன் உப்புக் குவியல்களைக் கீற்றுப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். நான் முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்த்தபோது மைமூன் ஜன்னலோரம் இருந்தாள். தன் இடது சுண்டுவிரலை மேல் கணுவில் மடித்து, அது வெளியே தெரியாதபடி மறு கையால் இறுகப் பிடித்திருந்தாள்.