சுஜிதனின் கல்வெட்டில் வராத பக்கம்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. தேனுகா என்னிடம் கேட்டது ஒரு கல்வெட்டு. [இறந்தவரின் முப்பத்தோராம் நாளில் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். முன்னால் படம், பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், பிள்ளை புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். புலம்பல்களை அநேகமாகப் புலம்பாத ஒருவர்தான் எழுதுவார்.] பூவரசங்குளத்தில் அந்த ஒருவர் நான். பெயர் தில்லைநாதன். சொந்தமாக ஒரு லொறி வைத்து நெல் ஏற்றுகிறேன், இரண்டு சிறுகதைகள் பத்திரிகையில் வந்திருக்கின்றன. இதுவரை பதினொரு கல்வெட்டு எழுதிவிட்டேன், ஒருவரும் குறை சொன்னதில்லை.

செத்தது தேனுகாவின் கணவன் சுஜிதன், லொறி மெக்கானிக், முப்பத்து நான்கு வயது. அடிபட்டது என் லொறிக்குக் கீழே. மகளுக்கு ஐந்து வயது, அவள் பெயரில் எட்டு வரி புலம்பல் ஒரு மணித்தியாலத்தில் வந்துவிட்டது. வாழ்க்கை வரலாற்றில் கடைசி நாளுக்கு வந்தபோதுதான் பேனை நின்றது. அங்கே எழுத முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

2

தொடக்கங்கள்.

“மாசி மாதத்துச் சனிக்கிழமை, வயலெங்கும் நெல் பொன்னாக…” வேண்டாம். பொன்னுமில்லை, மண்ணுமில்லை. மழை வரப்போகிறதென்று எல்லோரும் நெல் மூட்டைகளையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்ற நாள் அது.

“விதி யாரை எங்கே…” இது அதைவிட மோசம். விதியின் தலையில் போட்டுவிட எனக்கும் ஆசைதான். அதற்காகத்தான் இந்த வசனத்தை மூன்று தரம் எழுதி மூன்று தரமும் வெட்டினேன்.

“எஞ்சினையும் கியர் பொக்ஸையும் வெளியே எடுக்க மூன்று வழிகள் இருந்தன.” இது சரி. இதிலிருந்தே போவோம்.

(வன்னிக் கதை என்றபடியால் ஷெல் எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். விழாது. சண்டை ஓய்ந்து பதினாறு வருடமாகிறது. மற்ற ஊர்களில் சாவதைப் போலவும் இங்கே ஆட்கள் சாகிறார்கள்.)

3

என் லொறி பழுதாகிச் சுஜிதனின் கராஜில் நின்றது. முதலாவது வழி, வவுனியாவிலிருந்து வரும் கிரேன் பூட்டிய லொறி. செவ்வாய்க்கிழமைக்கு முன் வராது என்றார்கள். இரண்டாவது, பக்கத்து வாய்க்காலில் மண் அள்ளிக்கொண்டிருந்த பெக்கோ. அதன் வாளியில் சங்கிலியைக் கொளுவித் தூக்கலாம். சுஜிதன் ஒரேயடியாக மறுத்துவிட்டான். மண் அள்ளுகிற கை வெட்டி வெட்டித்தான் தூக்கும், எஞ்சின் ஊஞ்சலாடும் என்றான். மூன்றாவது, அவனுடைய கராஜிலேயே கிடந்த செயின் புளொக். மூன்று இரும்புக் குழாய்களை முக்காலியாக நிறுத்தி அதைத் தொங்கவிட வேண்டும். ஒருவர் சங்கிலியைக் கையால் இழுக்க இழுக்க, எஞ்சின் விரல் விரலாக எழும்பும்.

[கிரேன்காரர்கள் வாயால் சொல்வதில்லை, கையைக் காட்டுவார்கள். விரல் மேலே பார்த்தால் தூக்கு, கீழே பார்த்தால் விடு. செயின் புளொக் வேலை எங்கள் பக்கத்தில் வாயால்தான் நடக்கிறது. எதைக் கொண்டு தூக்குவது என்று தெரிவு செய்தபோது இதையும் சேர்த்தே தெரிவு செய்தேன் என்பது எனக்கு அப்போது தெரியாது.]

சுஜிதன் சொன்னது இதுதான்:

“அண்ணை, செவ்வாய் மட்டும் பொறுங்கோ. இல்லாட்டிக் கியர் பொக்ஸைத் தனியக் கழட்டுவம். ரெண்டையும் சேத்துத் தூக்கினா வால் தாழும்.”

தனியாகக் கழற்றினால் ஒரு நாள் போய்விடும். மூன்று பேரின் நெல் வயலில் கிடந்தது, மூன்று பேருக்கும் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். சேர்த்தே எடு என்றேன். அவன் குழாய்களை எடுக்கப் போனான்.

4

இப்போது ஒரு பாத்திரம். சங்கிலியை இழுத்தவன் சிவகரன், என் லொறியின் சாரதி, என்னிடம் ஆறு வருடம். அவனுக்கு இடது காது கேளாது, கடைசிச் சண்டையில் போனது. (ஷெல் விழாது என்றேன். மன்னியுங்கள், அது முன்பே விழுந்துவிட்டது.)

கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு காது கிடைத்தால் விடமாட்டான். சிவகரன் பிழையாகக் கேட்டான், எஞ்சின் விழுந்தது. எவ்வளவு சுகம். ஊர் அப்படித்தான் கதைக்கிறது. மரண விசாரணையிலும் அப்படித்தான் முடிந்தது.

5

எங்கள் கராஜ்களில் எஞ்சினை வண்டியிலிருந்து எடுப்பதை இறக்குவது என்போம். தூக்கித்தான் எடுக்கிறோம், என்றாலும் ‘எஞ்சின் இறக்கவேணும்’, ‘இறக்கியாச்சோ’ என்றுதான் கதை. தூக்கியதைக் கீழே விடுவதற்கும் அதே சொல்தான். மெக்கானிக்மார் இதில் தடுமாறுவதில்லை. சங்கிலி பிடித்தவனிடம் அவர்கள் ‘இழு’, ‘விடு’ என்றுதான் சொல்வார்கள். தடுமாறுவது என்னைப் போல் பக்கத்தில் நின்று அவசரப்படுத்துகிறவர்கள்.

எஞ்சின் எழும்பியது. சுஜிதன் சொன்னபடியே வால் தாழ்ந்து, கியர் பொக்ஸ் அடிச்சட்டத்தின் குறுக்கு இரும்பில் குந்தி நின்றது. அதை நெம்பிவிட அவன் அலவாங்கை எடுத்துக்கொண்டு கீழே படுத்தான். அந்த நேரம் மழைத் துளி விழுந்தது.

இந்த இடத்துக்கு மூன்று பிரதிகள் எழுதினேன்.

முதலாவது: கீழே கிடந்த சுஜிதனே “இறக்கு” என்றான். அடித்துவிட்டேன். இறந்தவனின் வாயில் சொல்லைப் போட்டு எனக்குப் பழக்கம்தான், ஆனால் இந்தச் சொல்லைப் போட முடியவில்லை.

இரண்டாவது: ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, சிவகரனின் காதில் ஏதோ… [விசாரணையில் நான் கையெழுத்து வைத்த பிரதி இது.]

மூன்றாவது: சிவகரனின் நல்ல காது என் பக்கம் இருந்தது. நான் மழையைப் பார்த்து, “இறக்கு, கெதியா இறக்கு” என்றேன். எடுத்து முடி என்பதுதான் என் மனத்தில் இருந்தது. அவன் கீழே விடுகிற மறுபக்கச் சங்கிலியை இழுத்தான். வால் இரும்பில் குந்தியிருந்தபடியால் எஞ்சின் அசையவில்லை, சங்கிலி மட்டும் தொய்ந்தது. பிறகு வால் வழுக்கியது. விழுந்தது ஒரு சாண் உயரம்தான்.

சிவகரன் சரியாகத்தான் கேட்டான்.

விசாரணையில் அவன், இறக்கு என்று கேட்டது, யார் சொன்னதென்று தெரியாது என்றான். என்னைக் கேட்டார்கள். நான் யாரும் சொல்லவில்லை என்றேன். சிவகரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு விசாரித்தவரிடம் சொன்னான்:

“அப்ப எனக்குத்தான் பிழையாக் கேட்டிருக்கும், ஐயா.”

அதைச் சொல்லும்போது அவன் பொய் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவன் தன் காதை நம்புவதில்லை. யாராவது கூப்பிட்டால், உண்மையிலேயே கூப்பிட்டார்களா என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிறானாம். லொறியையும் விட்டுவிட்டான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை எழுதுவதால் அது குறையவில்லை.

6

போன கிழமை தேனுகா நன்றி நவிலலுக்குப் பெயர்கள் கொண்டுவந்தாள். நான் கதிரையை இழுத்துப் போட்டேன், அவள் இருக்கவில்லை.

“அண்ணை, உங்கடை பேரை முதல் போடுங்கோ. நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடினபடியால்தான் ஆஸ்பத்திரியிலை எண்டாலும் அவரின்ரை முகத்தை உயிரோடை பாத்தனான்.”

தேவையில்லை என்றேன். அவள் கேட்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“சிவகரன்ரை பேர் ஒரு இடத்திலையும் வரக்கூடாது. அந்த ஆள் வீட்டு வாசலுக்கும் வரக்கூடாது.”

[இங்கே நான் சொல்லியிருக்க வேண்டிய வசனம்: தேனுகா, அந்தச் சொல்லைச் சொன்னது…]

நான் பட்டியலை வாங்கி மடித்தேன். எத்தனை பிரதி அடிப்பது என்று கேட்டேன். இருநூற்றைம்பது என்றாள்.

7

முடிவுகள். ஒன்று: தில்லைநாதன் அச்சகத்துக்கு ஓடிப் போய்க் கடைசிப் பக்கத்தை நிறுத்துகிறான். இந்த முடிவை எழுதும்போது எனக்கே என்னைப் பிடித்திருந்தது, அதனால் வெட்டினேன். இரண்டு: தேனுகாவிடம் போய்… அவள் முகத்தை எழுத வரவில்லை. மூன்று: சிவகரனுக்கு என்றோ ஒருநாள் தானாகவே நினைவு வந்து… அதுவும் நான் செய்யவேண்டியதை அவன் தலையில் கட்டுவதுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். வியாழக்கிழமை அச்சகத்திலிருந்து பிழை திருத்த அனுப்பினார்கள். கடைசிப் பக்கத்தில், ‘அன்னாரைத் தன் கைகளில் ஏந்திச் சென்ற பெருந்தகை’ என்று போட்டு, கீழே என் பெயர். அதில் ஒரு ‘ல்’ விடுபட்டிருந்தது. போட்டுக் கொடுத்தேன்.

முப்பத்தோராம் நாள் திங்கட்கிழமை. நீங்களும் வாருங்கள், கல்வெட்டில் ஒன்று தருவார்கள். சிவகரன் வராமல் இருக்கமாட்டான், படலைக்கு வெளியே தள்ளித்தான் நிற்பான். அவன் பிழையாகக் கேட்கவில்லை என்பது இப்போது இரண்டு பேருக்குத் தெரியும், எனக்கும் உங்களுக்கும். நான் உள்ளே பந்தியில் சோறு போட்டுக்கொண்டு நிற்பேன். நீங்கள் அவனுடைய வலது பக்கமாகப் போய்க் கதையுங்கள், அந்தக் காது நன்றாகக் கேட்கும்.