சாதுவாகிப்போன சண்டை மீன்

பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயங்களுக்கு மருந்து போடும் டிரெசராக இருந்த தங்கராஜுவின் வீட்டுக்கு அந்தக் கண்ணாடித் தொட்டி வந்தது, சீமைக்குத் திரும்பிப்போன தோட்டத்து டாக்டரின் தயவால். இரண்டு வாளித் தண்ணீர்தான் கொள்ளும். ஆனாலும் தோட்டத்தில் வேறு யார் வீட்டிலும் இல்லாத பொருள். தங்கராஜுவின் மனைவி சந்திரமதி அதைச் சன்னலோரம் வைத்து, ஆற்று மணலைக் கழுவிப் பரப்பி, குளத்துப் பாசியை நட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓடிய லோங்காங் வாய்க்காலில் கொசுப்புழு தின்னவென்று விட்டிருந்த சின்ன மீன்களில், வால் அழகாக விரிந்தவையாகப் பார்த்துப் பொறுக்கிவந்து விட்டாள்.

தங்கராஜுவுக்கு அழகு மீனில் எல்லாம் நாட்டமில்லை. அவருடைய உயிரெல்லாம், சூரன் என்று பெயர் வைத்துப் பாட்டிலில் வளர்த்துவந்த சண்டை மீனில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கங்காணி வீரமுத்துவின் கறுப்பனோடு அதற்குப் போட்டி. பாட்டிலுக்குள்ளேயே கிடந்தால் உடம்பு இறுகிப்போகும், கொஞ்சம் நீந்தட்டும் என்று, சந்திரமதி தண்ணீருக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துச் சூரனைத் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டார்.

குடத்தை இறக்கி வைத்த சந்திரமதி தொட்டியைப் பார்த்துப் பதறினாள்.

"என்னங்க இது? ஒண்ணுக்கும் வாலக் காணோம்!"

"பழகிக்கும்லா. சாதுங்களோட சேர்ந்து இருந்தா அவனும் சாதுவாயிடுவான், பாரேன்."

சொல்லும்போது தங்கராஜு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தெரிந்தேதான் விட்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கிழிந்த வாலோடு ஒடுங்கிக் கிடந்த சின்ன மீன்களை அள்ளி அடுப்படிச் சட்டியில் விட்டாள். தொட்டி முழுவதும் சூரனுக்கு என்றானது.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும், அவருடைய சவரக் கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றிவந்து தொட்டியை ஒட்டிச் சாய்த்து வைத்தாள்.

சூரன் திரும்பினான். எதிரே இன்னொரு சூரன். செவுளை விரித்தான், அவனும் விரித்தான். பாய்ந்தான், அவனும் பாய்ந்தான். கண்ணாடியில் மூக்கு இடித்ததுதான் மிச்சம். சந்திரமதி கீரை ஆய்ந்துகொண்டே அந்தக் கூத்தைப் பார்த்து ரசித்தாள். கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. சட்டியில் கிடந்தவற்றின் வாலை நினைத்ததும் அந்தப் பாவம் போய்விட்டது. சாப்பாட்டுக்கு அவர் வருமுன் கண்ணாடி ஆணிக்குத் திரும்பிவிடும். அந்த வாரம் முழுவதும் இதே வேலை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேசன் பக்கத்துக் காப்பிக் கடையின் பின்புறம் நல்ல கூட்டம். கறுப்பன் செவுளை விரித்துக்கொண்டு வந்தான். சூரன் அவனை ஒருமுறை பார்த்தான். 'நீயும் கண்ணாடிக்குள் இருக்கிறவன்தானே' என்பதுபோல் செட்டையைச் சுருக்கிக்கொண்டு ஒரு மூலைக்குப் போய்விட்டான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

இழவு வீட்டிலிருந்து வந்தவர்போல வந்து தங்கராஜு இதைச் சொன்னபோது, சந்திரமதி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நீங்கதானே சொன்னீங்க, சாதுங்களோட இருந்தா சாதுவாயிடும்னு?"

"அது கெடக்கட்டும். வீரமுத்து வருவான். நம்ம செவலைக் கோழிய..."

"கோழிக்கு என்ன?"

"பந்தயத்துல வெச்சிட்டேன்."

அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். நாள் தவறாமல் முட்டையிடும் கோழி! உண்மையைச் சொன்னால் கோழி பிழைக்கும். ஆனால் ஆயுசு முழுக்க அவர் அதைச் சொல்லிக்காட்டுவார். அவள் யோசித்து முடிப்பதற்குள் வீரமுத்து கூடையோடு வாசலில் நின்றார்.

"தங்கச்சி, மனசுல ஒண்ணும் வெச்சிக்காத. பந்தயம்னா பந்தயம்."

"தாராளமா புடிங்கண்ணே. ஆனா சண்டையே போடாத மீனை ஜெயிச்சதா வெளிய சொல்லிக்கலாமா? அடுத்த ஞாயித்துக்கெழம இன்னொரு தடவ விடுங்க. தோத்தா கோழியோட சேவலும் உங்களுக்குத்தான்."

"அலமாக்!" என்று தலையில் கைவைத்தார் தங்கராஜு.

வீரமுத்து உரக்கச் சிரித்தார். "ஓடிப்போன மீனு ஓடத்தான் செய்யும். சரி, அடுத்த வாரமே ரெண்டையும் சேத்துப் புடிச்சிக்கிறேன்" என்று வெறுங்கூடையோடு போனார்.

சந்திரமதி சூரனைப் பழையபடி பாட்டிலில் விட்டு, வேறெதுவும் கண்ணில் படாதபடி சுற்றிலும் காகிதத்தைக் கட்டினாள். மீனுக்குத் தெம்பு வரட்டும் என்று காய்ந்த வாதாம் இலை ஒன்றைத் தண்ணீரில் போட்டு, வேளா வேளைக்குக் கொசுப்புழு கொடுத்தாள்.

"சாதுவாயிட்டவனுக்கு இவ்வளவு உபசாரம் எதுக்கு?" என்று புலம்பினார் தங்கராஜு.

"தனியா இருந்தா ரோசம் தானா வரும். சும்மா இருங்க."

மறு ஞாயிற்றுக்கிழமை அவள் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். சோறு அடிப்பிடித்த வாசனைகூட மூக்குக்கு எட்டவில்லை. கடைசியில் தங்கராஜு ஓட்டமும் நடையுமாக வந்தார். ஒரு கால் செருப்பைக் காணவில்லை.

"ஜெயிச்சாச்சு! கறுப்பன் வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடிட்டான்!"

அன்றிலிருந்து காப்பிக் கடையில் அவர்தான் மீன் பண்டிதர். "சண்டை மீனைச் சின்ன மீனோட மட்டும் சேர்த்துராதீங்க. வீரமெல்லாம் கரைஞ்சி போயிடும். நான் கண்கூடாப் பார்த்தவன்" என்பார். வீரமுத்துவே அதை நம்பி, வீட்டுக்கு வந்து விவரம் கேட்டார். சந்திரமதி இருவருக்கும் காப்பியைக் கொடுத்துவிட்டு, முகத்தில் ஒன்றையும் காட்டாமல், "ஆமாண்ணே, அவரு சொல்றது வாஸ்தவம்" என்றாள்.

சட்டியில் இருந்த மீன்களுக்கு மெல்ல மெல்ல வால் முளைத்தது. தொட்டிக்குத் திரும்பியவற்றோடு, யார் வம்புக்கும் போகாமல் மணலைக் கிளறித் தின்னும் அயிரைகளைச் சேர்த்தாள். இடம் நிறைந்துவிட்டது, போதும் என்று நிறுத்திக்கொண்டாள்.

ஒருநாள் மாலை தங்கராஜு சிரட்டையில் வரிவரியாக ஒரு மீனைக் கொண்டுவந்து, தொட்டியருகே தயங்கி நின்றார்.

"இதச் சேக்கலாமா, சந்திரமதி?"

அவள் சிரட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். "இது வாலைக் கடிக்கிற சாதி. எடுத்த எடத்துலயே விட்டுட்டு வந்துருங்க."

அவர் சிரட்டையோடு ஆற்றுப்பக்கம் நடந்தார்.